நிறம் காணும் கண்: பேராசிரியர் ஹோல்ம்கிரேனின் ஆராய்ச்சிப் பணி

இரவு நேரத்தில் இருப்புப்பாதை நிலையம் ஒன்றில் நின்று, தொலைவில் உள்ள கைகாட்டி மரத்தை நோக்குவோமாயின், இருளில் ஒரு சிறு விளக்கு மட்டுமே நம் கண்ணுக்குப் புலனாகும். அது சிவப்பாயின் வண்டி நிற்க வேண்டும்; பச்சையாயின் செல்லலாம். நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர், அவ்விளக்கின் நிறத்தை என்ஜின் ஓட்டுநர் ஒருவர் சரியாக உணர்வதைப் பொறுத்திருக்கிறது. ஆயினும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்கள் உலகில் உள்ளன. அத்தகைய கண்ணை உடையவர்களில் பலர் தமக்கு அக்குறை உண்டு என்பதைத் தாமே அறியாதிருக்கின்றனர்.

இக்குறையை ஓரிரு நிமிடங்களில் கண்டறிவதற்கு எளிய சோதனை ஒன்றை வகுத்து, அதை அரசாங்கங்களும் ரயில்வே நிர்வாகங்களும் ஏற்குமாறு செய்தவர் சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் பிரித்தியோப் ஹோல்ம்கிரேன் ஆவார். அவருடைய ஆராய்ச்சி வாழ்வையும், அதிலிருந்து ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கற்கத் தக்கவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஹோல்ம்கிரேன் 1831-ஆம் ஆண்டு சுவீடனின் ஓஸ்டர்யோட்லாந்து மாகாணத்தில் பிறந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் உடலியல் என்பது தனித்த விஞ்ஞானமாக வளர்ந்து வந்தது. உயிருள்ள உடலின் செயல்களைப் பௌதிகக் கருவிகளைக் கொண்டு அளந்தறிய முடியும் என்ற நம்பிக்கை ஜெர்மானிய ஆய்வுக்கூடங்களில் வேரூன்றியிருந்தது. ஹோல்ம்கிரேன் அவ்வாய்வுக்கூடங்களுக்குச் சென்று பயிற்சி பெற்றார். நரம்புகளில் எழும் மின்னோட்டத்தை ஆராய்ந்த டு புவா ரேமோன், கண்ணின் ஒளியியலை விரித்துரைத்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் அவருக்கு ஆசான்களாயினர். 1864-இல் உப்சாலாவில் உடலியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டபோது அப்பதவி அவருக்கே கிடைத்தது. சுவீடனின் முதல் உடலியல் பேராசிரியர் அவரே.

விழித்திரையில் எழும் மின்னோட்டம்

ஒளி கண்ணுக்குள் புகுந்ததும் அங்கே நிகழ்வது யாது? இவ்வினாவே ஹோல்ம்கிரேனின் முதற்பெரும் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. 1865-இல் அவர் தவளையின் கண்ணை எடுத்து, ஒரு மின்முனையை அதன் முன்பக்கத்திலும், மற்றொன்றைப் பின்பக்கத்திலும் பொருத்தினார். இரண்டையும் நுண்ணிய மின்னோட்டமானி ஒன்றுடன் இணைத்தார். இருளிலிருந்த கண்ணின் மீது ஒளி விழுந்தபோது மானியின் முள் அசைந்தது. ஒளியை மறைத்தபோதும் அது மீண்டும் அசைந்தது.

ஒளி தோன்றும்போது கண் மறுவினை காட்டும் என்பது எதிர்பார்க்கத் தக்கதே. ஒளி மறையும்போதும் கண் மறுவினை காட்டியது புதுமையாகும். கண்ணானது ஒளியை வாளா ஏற்கும் ஒரு திரையன்று, ஒளியின் மாற்றங்களைக் கவனித்து அறிவிக்கும் உறுப்பு என்பதற்கு இச்சோதனை ஓர் அடையாளமாயிற்று. இம்மின்மாறுதல் பார்வை நரம்பில் எழுகிறது என்று முதலில் கருதிய ஹோல்ம்கிரேன், பின்னர் மேலும் ஆராய்ந்து, அது விழித்திரையிலேயே எழுகிறது என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய கட்டுரை சுவீடிஷ் மொழியில் வெளியானமையால் பிறநாட்டார் பலர் அதனை அறியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னர் ஸ்காத்லாந்தில் டூவர், மக்கென்டிரிக் ஆகிய இருவரும் இதே உண்மையைத் தாமாகவே கண்டறிந்தனர்.

இன்று கண் மருத்துவமனைகளில் விழித்திரையின் நலத்தை அறிய எடுக்கப்படும் விழித்திரை மின்பதிவுக்கு மூலம் உப்சாலாவில் நிகழ்ந்த அத்தவளைக்கண் சோதனையேயாகும். அம்மின்பதிவின் கூறுகளைப் பகுத்து ஆராய்ந்த ராக்னர் கிரானிட் என்ற அறிஞர் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

நிறக்குருடு என்னும் குறை

சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களைப் பிரித்தறிய இயலாமையை நெடுங்காலமாக ‘நிறக்குருடு’ என்று வழங்கி வந்தோம். இக்குறையுடையோரில் மிகப் பெரும்பாலோர் நிறங்களை அறவே காணாதவர் அல்லர். நீலத்தையும் மஞ்சளையும் அவர்கள் நன்கு காண்பர். ஆகவே ‘நிறப்பார்வைக் குறை’ என்று கூறுவதே பொருத்தமாகும்.

இக்குறையை விஞ்ஞான முறையில் முதன்முதல் விவரித்தவர்களுள் தலையாயவர், அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன் ஆவார். ஒரு மலர் தம் கண்ணுக்குப் பகலொளியில் நீலமாகவும் மெழுகுவர்த்தி ஒளியில் சிவப்பாகவும் தோன்றியதை அவர் கவனித்தார். பிறருக்கு அத்தகைய மாறுதல் தோன்றவில்லை. அவருடைய தமையனாருக்கு மட்டும் தோன்றியது. 1794-இல் மாஞ்செஸ்டர் நகரக் கழகம் ஒன்றில் இதுபற்றி உரையாற்றினார். தம் கண்ணினுள் உள்ள திரவம் நீலநிறமாக இருப்பதே காரணம் என்று அவர் கருதினார். 1844-இல் அவர் இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்த்தபோது திரவம் தெளிவாகவே இருந்தது.

காரணத்தை விளக்கத் துணைபுரிந்தது தாமஸ் யங் என்பவரின் கருத்தாகும். விழித்திரையில் மூவகை உணர்வுறுப்புக்கள் உள்ளன என்றும், அவை மூன்றும் வெவ்வேறு அளவில் தூண்டப்படுவதால் பல்வேறு நிறங்கள் தோன்றுகின்றன என்றும் அவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூறினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அக்கருத்தை விரிவுபடுத்தினார். மூன்றில் ஒன்று இல்லாதவிடத்து, அதன் துணையால் பிரிந்து தோன்ற வேண்டிய இரு நிறங்கள் ஒன்றாகவே தோன்றும். ஹோல்ம்கிரேன் தம் ஆசானிடமிருந்து பெற்ற இக்கொள்கையையே தம் சோதனைக்கு அடிப்படையாகக் கொண்டார்.

லாகர்லுண்டா விபத்து

1875-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், பொழுது புலராத வேளையில், ஹோல்ம்கிரேன் பிறந்த அதே மாகாணத்தில் லாகர்லுண்டா என்னுமிடத்திற்கு அருகே இரண்டு விரைவு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அப்பாதை ஒற்றைப் பாதை. ஒரு வண்டி காலதாமதமாக வந்தமையால், வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டிய நிலையம் மாற்றப்பட்டது. வடக்கு நோக்கிச் சென்ற வண்டி இடையிலிருந்த சிறு நிலையத்தில் நின்றிருக்க வேண்டும். அது நில்லாமல் சென்றது. விபத்தில் ஒன்பது பேர் மாண்டனர். அவ்வண்டியின் ஓட்டுநரும் அவர்களுள் ஒருவர்.

நிறுத்துமாறு காட்டப்பட்ட விளக்கை ஓட்டுநர் ஏன் மதிக்கவில்லை? அவரோ அவருடன் இருந்தவரோ நிறக்குறை உடையவராக இருந்திருக்கலாம் அன்றோ என்று ஹோல்ம்கிரேன் எண்ணினார். ரயில் அடையாளங்களால் நிறக்குறையுடையோருக்கு நேரக்கூடிய அபாயத்தை எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் வில்சன் 1855-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்திருந்தார். எனினும் செயல் ஏதும் பெரிதாக நிகழவில்லை. ‘எங்கள் ஊழியர்கள் பல்லாண்டுகளாகச் சிவப்பையும் பச்சையையும் பிழையின்றிக் கூறி வருகின்றனரே’ என்பதே நிர்வாகிகளின் பொதுவான எண்ணமாயிருந்தது.

ஹோல்ம்கிரேன் அதற்கு விடையைச் சோதனையின் வாயிலாகவே அளிக்க விரும்பினார். 1876-இல் உப்சாலா - யாவ்லே ரயில்வேயின் நிர்வாகம் இசைந்ததன்பேரில், அதன் ஊழியர் 266 பேரைச் சோதித்தார். 13 பேர் நிறக்குறை உடையோர் எனத் தெரிந்தது. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். அப்பதின்மூவரும் அன்றாடம் பணியாற்றிக் கொண்டிருந்தவர்களே. இதன்பின் சுவீடனின் ரயில்வேயில் நிறப்பார்வைச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது.

கம்பளி நூற்சோதனை

சோதனையின் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

பல நிறங்களிலும், ஒவ்வொரு நிறத்தின் அடர்த்தி மிக்கதும் குறைந்ததுமான பல படிகளிலும் கம்பளி நூற்கண்டுகள் ஒரு மேசைமேல் பகலொளியில் கலந்து பரப்பப்படும். சோதிப்பவர் வெளிறிய பச்சைக் கண்டு ஒன்றை எடுத்துத் தனியே வைத்து, இதைப் போன்ற நிறமுள்ளவற்றை, அவை இதனினும் வெளிறியவையாயினும் அடர்ந்தவையாயினும், எடுத்து வைக்குமாறு கூறுவார். இயல்பான பார்வையுடையோர் பச்சைக் கண்டுகளை மட்டும் விரைவாக எடுத்து வைப்பர். நிறக்குறையுடையோர் பச்சையோடு சாம்பல், மங்கிய மஞ்சள், வெளிறிய செம்பழுப்பு ஆகியவற்றையும் சேர்ப்பர். அல்லது நெடுநேரம் தயங்குவர்.

குறை உண்டு எனத் தெரிந்தால், அடுத்து இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ரோஜா நிறக் கண்டு வைக்கப்படும். அதனோடு நீலத்தையும் ஊதாவையும் சேர்ப்பவர் சிவப்புணர்வு குறைந்தவர். சாம்பலையும் பச்சையையும் சேர்ப்பவர் பச்சையுணர்வு குறைந்தவர். இறுதியில் நல்ல சிவப்புக் கண்டு கொண்டு முடிவு உறுதி செய்யப்படும்.

இச்சோதனையின் சிறப்பு மூன்று செய்திகளில் அடங்கும்.

முதலாவது, நிறத்தின் பெயர் கேட்கப்படுவதில்லை. இதுவே யாவற்றிலும் இன்றியமையாதது. இலை பச்சை, இரத்தம் சிவப்பு என்பதைக் குழந்தை காதால் கேட்டுக் கற்கிறது. நிறக்குறையுடைய குழந்தையும் அவ்வாறே கற்று, இலையைக் காட்டினால் ‘பச்சை’ என்று தயங்காமல் சொல்லும். அதன் நாவிலுள்ள சொல் சரி. கண்ணிலுள்ள உணர்வு வேறு. பெயரைக் கேட்பது நினைவைச் சோதிப்பதாகும். ஒப்பிடச் செய்வதே பார்வையைச் சோதிப்பதாகும். இத்தத்துவத்தை 1837-இலேயே ஜெர்மானிய அறிஞர் சேபெக் கையாண்டிருந்தார். அதைப் பெருந்திரளான மக்களுக்குப் பயன்படுமாறு எளிதாக்கியது ஹோல்ம்கிரேனின் தொண்டு.

இரண்டாவது, ஒளிர்வின் துணை நீக்கப்படுகிறது. நிறக்குறையுடைய ஓட்டுநர், இரு விளக்குகளில் ஒன்று மங்கலாகவும் மற்றொன்று பிரகாசமாகவும் இருப்பதைக் கொண்டு ஊகித்தே காலம் கழித்திருப்பார். தெளிந்த இரவில் அவ்வூகம் பொருந்தும். பனியோ புகையோ சூழ்ந்து பச்சை விளக்கு மங்குமாயின் ஊகம் பொய்க்கும். நூற்கண்டுகளில் அடர்த்தி பலவாறாக இருப்பதால் அத்தகைய ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது, சோதனை மலிவானது. எங்கும் எடுத்துச் செல்லத் தக்கது. எழுத்தறியாதவருக்கும் வேற்றுமொழியாளருக்கும் ஒன்றுபோலப் பயன்படுவது.

உலகெங்கும் பரவியதும் அதன் குறைகளும்

1877-இல் ஹோல்ம்கிரேன், ரயில் போக்குவரத்திலும் கப்பல் துறையிலும் நிறக்குருட்டின் விளைவு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அது விரைவில் பிறமொழிகளில் பெயர்க்கப்பட்டது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலமாகி, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் 1877-ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்றது. பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் ஜெப்ரீஸ் 1879-இல் இப்பொருள் பற்றி நூல் எழுதி, அந்நாட்டில் சோதனையைப் பரப்பினார். தவளைக்கண் ஆராய்ச்சி சுவீடிஷ் மொழிக்குள் தங்கிவிட்டதையும், நூற்சோதனை மொழிபெயர்ப்பால் உலகைச் சுற்றியதையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும்.

ஆயினும் சோதனை குற்றமற்றதன்று. முழுக்குறையுடையோரை அது நன்கு காட்டிற்று. மூவகை உணர்வும் இருந்து, ஒன்று மட்டும் திரிந்துள்ள இலேசான குறையினர் சிலர் அதில் தப்பினர். தொலைவில் உள்ள சிறு விளக்கைக் காண்பதும் கையருகில் உள்ள கம்பளியைக் காண்பதும் ஒன்றல்ல என்ற மறுப்பும் எழுந்தது. ஆகவே பிற்காலத்தில் விளக்குச் சோதனைகள் வந்தன. 1917-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா, வண்ணப் புள்ளிகளிடையே எண்கள் மறைந்திருக்கும் அட்டைகளை வெளியிட்டார். இன்று பெரிதும் வழங்குவன அவ்வட்டைகளேயாகும்.

மற்றொரு செய்தியையும் மறைத்தலாகாது. லாகர்லுண்டா விபத்துக்கு நிறக்குறையே காரணம் என்று பல நூல்கள் உறுதியாகக் கூறி வந்தன. ஆனால் இறந்த ஓட்டுநரின் பார்வையை எவரும் சோதித்ததில்லை. மாலன், கவோனியஸ் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆவணங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், அக்காரணம் ஐயத்திற்குரியது என்று காட்டியுள்ளனர். ஆகவே அவ்விபத்து சோதனைக்குத் தூண்டுகோலாயிற்று என்று கூறலாமேயன்றி, சான்றாயிற்று என்று கூறலாகாது. ஹோல்ம்கிரேனின் உண்மையான சான்று 266 பேரிடம் நடத்திய சோதனையே. ஒரு முடிவு பயனுள்ளது என்பதனாலேயே, அதற்கு வழிகாட்டிய ஊகம் மெய்யாகிவிடாது என்பதை விஞ்ஞானம் பயிற்றுவோர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஒரு கண்ணில் மட்டும் குறை

நிறக்குறையுடையவருக்கு உலகம் எவ்வாறு தோன்றும்? ஒருவர் காணும் நிறத்தை மற்றவர் எட்டிப் பார்க்க இயலாது. ஆனால் மிக அரிதாகச் சிலருக்கு ஒரு கண் இயல்பாகவும் மற்றொரு கண் குறையுடனும் அமைவதுண்டு. அத்தகையோர் இரு கண்களின் காட்சியையும் தாமே ஒப்பிட்டுரைக்க வல்லவர். ஹோல்ம்கிரேன் இவர்களை ஆராய்ந்து, 1881-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதினார். சிவப்பு - பச்சைக் குறையுள்ள கண்ணுக்கு நிறமாலை முழுவதும் மஞ்சள், நீலம் என்ற இரு நிறங்களாகவே தோன்றுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

1897-இல் ஹோல்ம்கிரேன் உப்சாலாவில் காலமானார்.

பிற்காலத்து அறிவு

விழித்திரையில் உள்ள கூம்பு உயிரணுக்கள் மூவகைப்படும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. அவை முறையே ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக ஏற்கின்றன. நடு அலை, நெடு அலை ஆகிய இரு நிறமிகளுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளன. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே. அதில் பிழை இருப்பின் ஈடு செய்ய மற்றொன்று இல்லை. எனவே ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கும், பெண்களில் இருநூற்றுவரில் ஏறத்தாழ ஒருவருக்கும் இக்குறை காணப்படுகிறது. பிற மக்களிடையே இவ்விகிதம் பெரும்பாலும் இதனினும் குறைவு.

தாய் குறையின்றி இருந்தும் மகனுக்கு அதை வழங்கக்கூடும். தாய்மாமனுக்கு இருந்த குறை மருமகனிடத்துத் தோன்றுவதைக் குடும்பங்களில் காணலாம். 1995-இல், பாதுகாக்கப்பட்டிருந்த டால்டனின் கண்ணிலிருந்து மரபணுப் பொருளை எடுத்து ஆராய்ந்தபோது, அவரிடம் நடு அலை நிறமி இல்லை என்று தெரியவந்தது. அவர் இறந்து 150 ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய வினாவுக்கு விடை கிடைத்தது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கவனிக்க வேண்டியவை

மாணவன் ஒருவன் படத்தில் மரத்தின் அடிப்பகுதிக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டினால், அவனைக் கவனமற்றவன் என்று கடிந்துகொள்ளுதல் எளிது. அதற்குமுன் அவன் கண்ணை எண்ணிப் பார்த்தல் நலம். பல நிற நூல்களை மேசையில் பரப்பி, வெளிறிய பச்சை நூல் ஒன்றைக் காட்டி, அதனையொத்தவற்றை எடுக்கச் சொல்லலாம். பகலொளியில் செய்க. நிறத்தின் பெயரைச் சொல்லாதீர், கேளாதீர். பிற மாணவர் எள்ளி நகையாட இடந்தராமல் தனியே செய்க. ஐயம் தோன்றினால் கண் மருத்துவரிடம் அனுப்புக. வகுப்பறைச் சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது.

பிறவியில் அமைந்த இக்குறைக்கு வழக்கிலுள்ள மருத்துவம் இல்லை. சாயமிட்ட மூக்குக்கண்ணாடிகள் சில நிறங்களிடையே வேறுபாட்டை மிகுத்துக் காட்டலாம். இயல்பான நிறப்பார்வையை அவை தருவதில்லை. ஆனால் பாடம் நடத்தும் முறையை மாற்றுதல் நம் கையில் உள்ளது. தேசப்படத்தில் சிவப்பும் பச்சையும் கொண்டு பிரித்த பகுதிகளுக்குக் கோடுகளும் புள்ளிகளும் சேர்க்கலாம், பெயரையும் எழுதலாம். பச்சைப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதுவதைத் தவிர்க்கலாம்.

மண்ணின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் நிறத்தாள் கொண்டு அறியும் களப்பணியாளர்களும் தம் கண்ணைச் சோதித்துக் கொள்ளுதல் நன்று. நிறத்தைக் கொண்டு எடுக்கும் அளவீட்டை இருவர் பார்த்துக் குறிப்பது பாதுகாப்பான முறையாகும்.

நம் நாட்டில் ரயில் ஓட்டுநர் முதலிய பணிகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. பிறர் உயிர் அதனைச் சார்ந்திருப்பதால் அது நியாயமே. ஆனால் ஒவ்வொரு துறையின் கதவையும் இதன்பேரில் அடைத்தல் நியாயமன்று. 2020-இல் மத்திய அரசு, இலேசான, நடுத்தரமான நிறக்குறையுடையோரும் வாகன ஓட்டுநர் உரிமம் பெற விதிகளைத் திருத்தியது. புனேயிலுள்ள திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நிறக்குறையின் காரணமாக இடம் மறுக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், 2022-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்தப் பணிக்கு எந்த அளவு நிறப்பார்வை உண்மையில் தேவை என்பதை அளந்து முடிவு செய்வதே முறை. பல்லாண்டு வழக்கத்தை நம்பி இராமல், ஊழியர் 266 பேரையும் ஒவ்வொருவராக அழைத்துச் சோதித்த ஹோல்ம்கிரேன் கைக்கொண்ட நெறியும் அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. கண்ணின்மீது ஒளி விழும்போதும் மறையும்போதும் மின்மாறுதல் எழுவதால் நாம் அறிவது யாது?

2. நிறத்தின் பெயரைக் கேட்டு நிறப்பார்வையைச் சோதித்தல் ஏன் பிழையாகும்? உதாரணம் தருக.

3. நூற்சோதனையில் ஒவ்வொரு நிறத்திலும் பல படிகளைச் சேர்த்திருப்பதன் காரணத்தை விளக்குக.

4. லாகர்லுண்டா விபத்தை நிறக்குறைக்குச் சான்றாகக் காட்டுதல் ஏன் பொருந்தாது?

5. உங்கள் பள்ளியில் வழங்கும் பாடப்படங்களுள், சிவப்பு - பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பியிருப்பவை எவை? அவற்றைத் திருத்தும் வழியைக் கூறுக.